கண்டும் காணாமல்: ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற ஆங்கிலத் தொடரைத் தப்பில்லாமல் பயன்படுத்த

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மேலாளர் அனுப்பிய ஒரு மின்னஞ்சலுக்கு மூன்று நாளாக நான் பதில் போடவில்லை. உண்மையில் அது என் கண்ணில் படவே இல்லை, வேறு மின்னஞ்சல்களுக்கு அடியில் கிடந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதும்போது கொஞ்சம் நல்ல ஆங்கிலமாக இருக்கட்டும் என்று, ‘ஐ டர்ன்ட் எ பிளைண்ட் ஐ டு யுவர் மெயில், சாரி’ என்று எழுதினேன். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்வதாகத்தான் என் நினைப்பு. அவர் படித்ததோ, ‘உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தேன், வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விட்டேன்’ என்று. நேரில் போய் விளக்கிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அன்றைக்கு யாராவது எனக்கு இதை எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்காக, இந்த ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். செய்தித்தாளிலும் அலுவலகப் பேச்சிலும் இது அடிக்கடி வரும். பொருள் எளிதுதான், ஆனால் தப்பான இடத்தில் போட்டால் இல்லாத குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

முதல் படி: பொருளைப் பிடியுங்கள்

‘பிளைண்ட் ஐ’ என்றால் பார்வையற்ற கண். ‘டர்ன்’ என்றால் திருப்புவது. ஒரு காரியம் நடக்கும் பக்கமாகப் பார்வையற்ற கண்ணைத் திருப்பி வைப்பது என்பது நேரான பொருள். நல்ல கண் இன்னொன்று இருக்கிறது, அதைக்கொண்டு பார்க்க முடியும், ஆனாலும் பார்க்காத கண்ணை அந்தப் பக்கம் காட்டுகிறார். இதுதான் தொடரின் உயிர். தெரியாமல் விட்டவரைப் பற்றி இதைச் சொல்லவே முடியாது. தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தவரைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது ‘கண்டும் காணாமல் இருப்பது’. அதில் வரும் ‘கண்டும்’ என்ற சொல் செய்யும் வேலையைப் பாருங்கள். கண்டுவிட்டார் என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, பிறகுதான் காணாமல் இருந்ததைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடரும் அதே வரிசையில்தான் குற்றம் சாட்டுகிறது.

இரண்டாம் படி: இரண்டு கேள்விகள்

தொடரைப் போடுவதற்கு முன்னால் மனதுக்குள் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, அவருக்குத் தெரியுமா? குறைந்தது, சந்தேகமாவது இருந்ததா? இல்லை என்றால் தொடரை மூடி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, அதைத் தடுக்கவோ தட்டிக் கேட்கவோ வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்ததா? இந்தக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாலையில் ஒருவர் தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுகிறார். அங்கே நிற்கும் போக்குவரத்துக் காவலர் பார்த்தும் பேசாமல் இருந்தால் தொடர் கச்சிதமாகப் பொருந்தும். எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவரும் அதே காட்சியைத்தான் பார்க்கிறார், ஆனால் அவரைப் பற்றி யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். கட்டடப் பணியில் மேற்பார்வையாளர், தேர்வு அறையில் கண்காணிப்பாளர், வங்கியில் தணிக்கையாளர், வீட்டில் பெற்றோர் என்று பொறுப்புள்ள நாற்காலியில் இருப்பவர்களைச் சுற்றித்தான் இந்தத் தொடர் புழங்குகிறது. ஒரு சமூகத்தையே சேர்த்துச் சொல்வதும் உண்டு. அப்போதும் ‘எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை’ என்ற குறை உள்ளே இருக்கும்.

எப்போதும் கண்டிப்பான தொனியில்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி வகுப்பில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பதை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்டார் என்று அன்போடும் சொல்லலாம். எதைக் காணாமல் இருந்தார் என்பதைப் பொறுத்துத் தொனி மாறும். பிள்ளைகளின் சத்தம் என்றால் பெருந்தன்மை, லஞ்சம் என்றால் உடந்தை.

மூன்றாம் படி: நெல்சன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மரபுத்தொடருக்குக் கதை எதற்கு என்று கேட்கலாம். இந்தத் தொடரைப் பொறுத்தவரை கதை தெரிந்தால் பொருள் மறக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹொரேஷியோ நெல்சன் பிரிட்டிஷ் கடற்படையின் மிகப் புகழ்பெற்ற தளபதி. பதின்ம வயதில் ‘ஸீஹார்ஸ்’ என்ற கப்பலில் 1774-இல் நம் மதராஸுக்கு வந்தவர். கிழக்குக் கடல்களில் இரண்டு வருடம் அலைந்து, கடுங்காய்ச்சலில் விழுந்து, 1776-இல் ஊர் திரும்பினார். அப்போது இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. 1794 ஜூலையில் கார்சிகா தீவில் கால்வி என்ற ஊரை முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டு சிதறடித்த மணலும் கல்லும் முகத்தில் அடித்து வலக்கண் பார்வை போயிற்று. படங்களில் அவர் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டிருப்பதாகக் காட்டுவார்கள். அவர் அப்படிப் பட்டை கட்டியதில்லை. வெளியே பார்த்தால் அந்தக் கண் ஏறக்குறைய நல்ல கண் மாதிரியேதான் இருந்தது. 1797-இல் டெனரீஃபில் வலக்கையையும் இழந்தார்.

இனி 1801 ஏப்ரல் 2. ரஷ்யா, டென்மார்க், ஸ்வீடன், பிரஷ்யா சேர்ந்து அமைத்த கூட்டணி தன் கடல் வணிகப் போருக்கு இடைஞ்சல் என்று பிரிட்டன் கருதியது. அந்தக் கூட்டணியை உடைக்கக் காப்பன்ஹேகன் துறைமுகத்துக்குக் கப்பல் படையை அனுப்பியது. மொத்தப் படைக்கும் தலைவர் சர் ஹைட் பார்க்கர். நெல்சன் அவருக்கு அடுத்தவர். துறைமுகத்தை ஒட்டிய நீர்ப்பாதை ஆழம் குறைவு. பெரிய கப்பல்களோடு பார்க்கர் தள்ளி நின்றுகொள்ள, அடிப்பாகம் அவ்வளவு ஆழமில்லாத கப்பல்களோடு நெல்சன் உள்ளே போனார். போகும்போதே மூன்று கப்பல்கள் மணல் திட்டில் தட்டி நின்றுவிட்டன. டேனிஷ்காரர்கள் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகச் சுட்டார்கள்.

மதியம் ஒரு மணி தாண்டியும் சண்டை முடியவில்லை. தூரத்திலிருந்து புகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பார்க்கருக்குக் கவலை வந்துவிட்டது. 39-ஆம் எண் சமிக்ஞைக் கொடியை ஏற்றச் சொன்னார். சண்டையை நிறுத்து என்பது அதன் பொருள். தோற்றுக்கொண்டிருந்தால் பின்வாங்க நெல்சனுக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்றுதான் அதை ஏற்றினார் என்று சொல்பவர்களும் உண்டு.

நெல்சன் இருந்த கப்பலின் பெயர் ‘எலிஃபண்ட்’. கொடி ஏறியிருக்கிறது என்று அதிகாரி வந்து சொன்னார். நெல்சன் அதைக் காதில் வாங்கினார், தெரிந்துகொண்டார். பிறகு கேட்ட கேள்விதான் முக்கியம். ‘நம் கப்பலில் 16-ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா?’ என்றார். நெருங்கிப் போரிடு என்பது 16-ஆம் எண். பறக்கிறது என்று பதில் வந்ததும், அப்படியே இருக்கட்டும் என்றார். அப்புறம் பக்கத்தில் நின்ற கப்பல் தலைவர் தாமஸ் ஃபோலியிடம், ‘எனக்கு ஒரு கண்தானே இருக்கிறது, ஃபோலி. சில நேரம் பார்வையில்லாதவனாக இருக்க எனக்கு உரிமை உண்டு’ என்று சொல்லி, தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, ‘உண்மையிலேயே எனக்குக் கொடி தெரியவில்லை’ என்றார். அந்தக் கப்பலில் இருந்த கர்னல் வில்லியம் ஸ்டூவர்ட் எழுதி வைத்ததிலிருந்து இந்தக் காட்சி நமக்குக் கிடைக்கிறது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தது பின்னால் சேர்ந்த மெருகு என்று நினைக்கும் வரலாற்றாளர்களும் இருக்கிறார்கள். 1813-இல் கவிஞர் ராபர்ட் சவுதி எழுதிய நெல்சன் வாழ்க்கை வரலாறு இதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? அந்த ஒடுக்கமான, ஆழமில்லாத பாதையில் எதிரியின் பீரங்கிகளுக்கு முன்னால் கப்பல்களைத் திருப்பினால் அழிவுதான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தூரத்தில் நின்ற பார்க்கருக்கு அது தெரிய வழியில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒருவர் இருக்கிறார். ‘அமேசான்’ கப்பலின் தலைவர் எட்வர்ட் ரியூ. சிறு போர்க்கப்பல்களை நடத்திக்கொண்டிருந்த அவர் கண்ணுக்கும் பார்க்கரின் கொடி தெரிந்தது. ‘நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்’ என்று வருந்திக்கொண்டே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கப்பலைத் திருப்பினார். திரும்பும் கப்பலைக் குண்டுகள் தாக்கின, ரியூ இறந்துபோனார். இந்தத் தொடரை எழுதும்போதெல்லாம் எனக்கு நெல்சனுக்கு முன்னால் ரியூவின் நினைவுதான் வரும்.

போர் பேச்சுவார்த்தையில் முடிந்தது. நெல்சன் டேனிஷ் இளவரசருக்குக் கடிதம் அனுப்பினார், சண்டை நின்றது. அடுத்த மாதமே பார்க்கரைத் திருப்பி அழைத்துக்கொண்டு, தலைமையை நெல்சனிடம் கொடுத்தார்கள்.

ஒரு திருத்தம். இந்தத் தொடரே அன்றைக்கு அந்தக் கப்பலில்தான் பிறந்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது சரியல்ல. ‘பிளைண்ட் ஐ’ என்று இதே பொருளில் எழுதும் வழக்கம் 1801-க்கு முன்பே அச்சில் இருந்தது. ‘டர்ன் எ டெஃப் இயர்’, அதாவது கேளாக் காதைத் திருப்புவது, அதைவிடப் பழையது. நெல்சன் தொடரை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த தொடருக்கு ஒரு முகம் கொடுத்தார். யாராவது உங்களிடம் கேட்டால் இப்படியே சொல்லுங்கள்.

நான்காம் படி: நீதிமன்றம் இதை எப்படிப் படித்தது

மொழி கற்பவருக்குச் சட்டம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இந்தத் தொடரின் எல்லையை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஓர் ஆங்கில வழக்குத்தான்.

‘ஸ்டார் ஸீ’ என்ற சரக்குக் கப்பலில் 1990-இல் தீப்பிடித்தது. கப்பல் கடலுக்குப் போகும் தகுதியில் இல்லை, அது உரிமையாளர்களுக்குத் தெரியும், அதனால் காப்பீட்டுப் பணம் தர மாட்டோம் என்றது காப்பீட்டுத் தரப்பு. 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் அப்படி மறுக்க இடம் தரும் பிரிவின் எண் 39. பார்க்கர் ஏற்றிய கொடியின் எண்ணும் 39 என்பது வெறும் தற்செயல்தான், ஆனாலும் முதலில் கவனித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

வழக்கு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2001 ஜனவரியில் முடிந்தது. நேரடியாகத் தெரியாவிட்டாலும், சந்தேகம் வந்த பிறகு, விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும் என்பதற்காகவே ஒருவர் விசாரிக்காமல் இருந்தால், அதுவும் தெரிந்திருந்ததற்குச் சமம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலச் சட்டத்தில் இதற்குப் பெயரே ‘பிளைண்ட் ஐ நாலெட்ஜ்’. தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் ஒருவரான லார்டு ஸ்காட், காப்பன்ஹேகனில் நெல்சன் செய்ததையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆனால் அந்த வழக்கில் உரிமையாளர்கள்தான் வென்றார்கள். அவர்கள் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், அது வேண்டுமென்றே கண்ணை மூடியதாகாது என்பது முடிவு.

அசட்டையாக இருந்தவரும் கண்டும் காணாமல் இருந்தவரும் வேறு வேறு. என் மின்னஞ்சலில் நான் குழப்பியது சரியாக இந்த இரண்டைத்தான்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் பொருத்துங்கள்

இந்தத் தொடரில் மாறக்கூடியது ‘டர்ன்’ மட்டும்தான். காலத்துக்கு ஏற்ப ‘டர்ன்ட்’, ‘டர்னிங்’, ‘டர்ன்ஸ்’ என்று மாறும். மற்றவை அப்படியே நிற்கும்.

‘ஐ’ எப்போதும் ஒருமை. மனிதருக்கு இரண்டு கண் என்று நினைத்து ‘பிளைண்ட் ஐஸ்’ என்று எழுதக் கூடாது. பத்து அதிகாரிகள் சேர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டாலும் ‘எ பிளைண்ட் ஐ’தான். முன்னால் வரும் ‘எ’ விழக் கூடாது. தமிழில் அப்படி ஒரு சொல் இல்லாததால் நாம் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். ‘யுவர் பிளைண்ட் ஐ’ என்று உடைமையாக்கவும் வேண்டாம்.

அடுத்து ‘டு’. எதைக் காணாமல் விட்டார் என்பதை ‘டு’ போட்டுத்தான் சொல்ல வேண்டும். ‘ஆன்’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’ எதுவும் வராது. ‘டு’வுக்குப் பிறகு பெயர்ச்சொல் வரும். ‘த சூப்பர்வைசர் டர்ன்ட் எ பிளைண்ட் ஐ டு த பிராக்கன் ரெய்லிங்’ என்றால், உடைந்த கைப்பிடியை மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் விட்டார். ஒரு செயலைச் சொல்ல வேண்டுமானால் அதையும் பெயராக்கிச் சொல்லுங்கள். ‘டு வாட் வாஸ் ஹாப்பனிங்’, அதாவது நடந்துகொண்டிருந்ததை, என்ற வடிவம் செய்திகளில் நிறைய வரும்.

செய்தி நடையில் அடிக்கடி காண்பது ‘அக்யூஸ்ட் ஆஃப் டர்னிங் எ பிளைண்ட் ஐ’. கண்டுகொள்ளாமல் விட்டதாகக் குற்றச்சாட்டு என்று பொருள். பேச்சில் எதிர்மறையாக, ‘வி கேன்ட் டர்ன் எ பிளைண்ட் ஐ டு திஸ்’ என்று வரும். இனிமேலும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பது அதன் வேகம். இந்த இரண்டு வடிவத்தையும் வாயில் வரும் வரை சொல்லிப் பழகுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களோடு குழப்பாதீர்கள்

‘ஓவர்லுக்’ என்பது தெரியாமல் விடுபட்டதற்கும் வரும், பெரிய மனதோடு மன்னித்து விட்டதற்கும் வரும். நான் அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது ‘ஐ ஓவர்லுக்ட் யுவர் மெயில்’. இன்னும் எளிதாக ‘ஐ மிஸ்ட் யுவர் மெயில்’ என்றே முடித்திருக்கலாம்.

‘இக்னோர்’ ஆளைப் பற்றியும் வரும். ‘அவள் என்னை இக்னோர் செய்தாள்’ என்று தமிழிலேயே பேசுகிறோம். ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ தவறான, சங்கடமான ஒரு காரியத்தைப் பற்றித்தான் வரும், பேசாமல் போன தோழியைப் பற்றி வராது.

‘டர்ன் எ டெஃப் இயர்’ கோரிக்கைக்கும் முறையீட்டுக்கும் உரியது. மனு கொடுத்தும் கேட்கவில்லை என்றால் காது. கண் முன்னால் நடந்ததைத் தடுக்கவில்லை என்றால் கண்.

‘பிளைண்ட் ஸ்பாட்’ முற்றிலும் வேறு. அது ஒருவருக்கே தெரியாத குறை. தெரியாமை இருக்கும் இடத்தில் நம் தொடருக்கு வேலை இல்லை.

‘லுக் தி அதர் வே’ மட்டும் உண்மையிலேயே நெருங்கிய உறவு. பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம்.

ஏழாம் படி: தமிழிலிருந்து போகும்போது கவனம்

பொறி இருப்பது இங்கேதான். நம் மொழியில் கண்ணை வைத்து எத்தனையோ சொல்கிறோம், எல்லாமே இந்தத் தொடராக மாறிவிடாது.

‘கண்ணை மூடிக்கொண்டு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்’ என்றால் தொடர் பொருந்தும். ‘அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்’ என்றால் அது கண்மூடித்தனமான நம்பிக்கை, ஆங்கிலத்தில் ‘டிரஸ்டட் ஹிம் பிளைண்ட்லி’. ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்றால் தயக்கமில்லாமல் வாங்கலாம் என்ற நற்சான்று. ஒரே தமிழ்ச் சொல்லுக்கு மூன்று வேறு பொருள்.

‘பாராமுகம்’ இன்னொன்று. காதலர் மேலும் கடவுள் மேலும் மனம் வெந்து சொல்லும் சொல் அது. அந்த வருத்தத்தில் புறக்கணிப்பு இருக்கிறது, தவறுக்கு உடந்தையாக இருப்பது இல்லை. இதை ‘பிளைண்ட் ஐ’ என்று மொழிபெயர்த்தால் பாட்டே கெட்டுவிடும்.

அப்புறம், வீட்டில் தினம் கேட்கும் ‘கண்டுக்காதீங்க’. விருந்துக்கு வந்தவரிடம் பிள்ளை வெடுக்கென்று ஏதோ பேசிவிடுகிறான். ‘சின்னப் பையன், கண்டுக்காதீங்க அண்ணா’ என்கிறோம். அங்கே வேண்டுவது மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான். ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் டோன்ட் மைண்ட் ஹிம்’ போதும். விருந்தாளியிடம் போய் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்றால், ஏதோ மறைக்கச் சொல்வதுபோல் கேட்கும்.

எங்கே தவிர்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தவறுக்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் வேண்டாம், உண்மையாகவே வேண்டுமென்று செய்திருந்தால் ஒழிய. ஒரு சக ஊழியரைப் பற்றிப் புகார் எழுதும்போதும் யோசியுங்கள், அவருக்குத் தெரியும் என்று காட்ட உங்களிடம் ஆதாரம் வேண்டும். உடற்குறையை உருவகமாக்கும் சொற்களைத் தவிர்க்கச் சொல்லும் நடைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இப்போது உண்டு. பார்வையற்றவர்கள் படிக்கும் இடத்தில் ‘நோயிங்லி இக்னோர்ட்’, அதாவது தெரிந்தே புறக்கணித்தார், என்று எழுதுவதில் பொருள் எதுவும் குறையாது. நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

எட்டாம் படி: நீங்களே சோதித்துப் பாருங்கள்

மூன்று நிகழ்ச்சிகள் தருகிறேன். பதிலைப் படிக்கும் முன் இரண்டாம் படியின் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று. கல்லூரி மாணவியின் பேருந்துப் பயண அட்டை நேற்றோடு முடிந்துவிட்டது. நடத்துநர் தேதியைப் பார்க்கிறார், மாணவியின் முகத்தைப் பார்க்கிறார், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போகிறார். தொடர் பொருந்தும். ‘த கண்டக்டர் டர்ன்ட் எ பிளைண்ட் ஐ டு த எக்ஸ்பயர்ட் பாஸ்’. தெரியும், பொறுப்பும் உண்டு, தொனி மட்டும் கனிவானது.

இரண்டு. திருமண அழைப்பிதழில் மணமகன் பெயர் தப்பாக அச்சாகிவிட்டது. மெய்ப்புப் பார்த்தவர் இரண்டு முறை படித்தும் அது அவர் கண்ணில் படவில்லை. பொருந்தாது. பொறுப்பு இருந்தது, தெரிந்திருக்கவில்லை. ‘மிஸ்ட்’ என்று போடுங்கள்.

மூன்று. கட்டட வேலையில் வந்து இறங்கிய கம்பியின் தரம் பொறியாளருக்குச் சந்தேகமாக இருக்கிறது. பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் ஒரே நாளில் வந்துவிடும். அவர் கேட்கவில்லை, தூண் எழும்புகிறது. தரம் குறைவு என்று அவர் எதையும் நேரில் பார்க்கவில்லையே என்று இங்கே பலர் தயங்குவார்கள். ‘ஸ்டார் ஸீ’ வழக்கை நினைத்துப் பாருங்கள். அறிக்கையில் என்ன வரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை. பொருந்தும்.